ஹேபிட் ட்ராக்கர் ஆப், ரெண்டு வருஷ அனுபவம்: நல்லது எல்லாம் உள்ள ஒளிச்சு வச்சிருக்கான்

புது வருஷ சபதம் எடுத்திருக்குற ஃப்ரெண்டு ஒருத்தன் "நீ யூஸ் பண்றியே, தினமும் பண்ண நினைக்குறத டிக் போட்டு கணக்கு வைக்கிற அந்த ஆப், காசு குடுத்து வாங்கலாமாடா"ன்னு கேட்டான். ஒரு வரில பதில் சொல்ல முடியல, அதான் இது. டிக் போடறது, ரிமைண்டர் அடிக்கிறது, கலர் மாத்துறது எல்லாம் எந்த ஆப்ல இல்ல, அத விடுங்க. ஆப் பேரும் சொல்லப்போறதில்ல, ஏன்னா நான் திட்டுறது இந்த வகையறா மொத்தத்துக்கும் பொருந்தும்.

ஸ்ட்ரீக். தொடர்ந்து எத்தனை நாள் பண்ணிருக்கோம்னு மேல கொட்டை எழுத்துல ஒரு நம்பர் நிக்கும்ல, அதான் என் வயித்தெரிச்சல். ஆரம்பத்துல அது குடுத்த கிக்க மறுக்கல. படுத்தப்புறம் "அய்யோ இன்னைக்கு டிக் போடலயே"ன்னு எந்திரிச்சு உக்காந்து நாலு பக்கம் படிச்சிட்டு படுத்ததெல்லாம் உண்டு. அப்புறம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. எந்திரிச்சு பாத்தா நம்பர் சைபர். மாசக்கணக்கா எக்சர்சைஸ் பண்ணவனுக்கும் நேத்து ஆப் டவுன்லோட் பண்ணவனுக்கும் ஒரே மார்க்கு! காலைல கால் தானா ஷூவ தேடுது, பழக்கம் எங்கயும் போகல, ஆனா ஸ்க்ரீன் மட்டும் நீ ஒண்ணுமே கிழிக்கலன்னு சொல்லுது. அதப் பாத்ததும் என்ன தோணும், முழுக்க நனைஞ்சாச்சு இனி முக்காடு எதுக்கு, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதில இருந்து பாத்துக்கலாம்னு தான தோணும்? டயட்ல இருக்குறவங்க ஒரு வாய் தப்பா சாப்ட்டுட்டு அன்னைக்கு மொத்தமா கட்டுப்பாட்ட விட்டுடறத ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன்னு ரெண்டு சைக்காலஜிஸ்டுங்க வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. அவங்க படிச்ச அந்த மனநிலைய இந்த ஆப்காரன் டிசைன் பண்ணி ஹோம் ஸ்க்ரீன்ல மாட்டி வச்சிருக்கான்.

இதுல ஆத்திரம் எங்கன்னா, ஒரு நாள் விட்டா குடி முழுகிடாதுன்னு 2010லயே ரிசர்ச் வந்தாச்சு. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்ல ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேர வச்சு பண்ணது. ஒரு பழக்கம் யோசிக்காம தானா வர்ற நிலைக்கு போக நடுவாந்தரமா 66 நாள், ஆளப் பொறுத்து 18ல இருந்து 254 வரைக்கும் கணக்கு வந்துச்சு, நடுவுல ஒரு தடவ விட்டதால பெருசா எந்த பாதிப்பும் இல்ல. இந்த ஆப் என்னடான்னா 21 நாள் முடிஞ்சதும் 'பழக்கம் உருவாகிவிட்டது'ன்னு பேட்ஜ் குடுக்குது. அந்த 21 எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் பாருங்க, மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷனுக்கு அப்புறம் புது முகம் பழக குறைஞ்சது ஒரு 21 நாள் ஆகுதுன்னு 1960ல எழுதினது. எக்சர்சைஸுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னும் கேளுங்க, காசு கட்டினா 'ஸ்ட்ரீக் ஃப்ரீஸ்' தர்றான், ஒரு நாள் விட்டாலும் நம்பர் சைபராகாம அப்படியே நிக்கும். அதாவது காய்ச்சல்ல படுக்குறதுக்கு ப்ரீமியம். புண்ணையும் அவனே போட்டு மருந்தையும் அவனே விக்கிறான்.

சரி, நியாயமா சொல்லணும்னா இன்னொரு பக்கமும் இருக்கு. ஹேபிட்ட எடிட் பண்ற இடத்துல, மூணு மெனு உள்ள போனா, 'எதற்குப் பிறகு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. மணிக்கு பதிலா அங்க 'பல்லு தேச்சதும்'னு எழுதினேன், அதுக்கப்புறம் எனக்கு ரிமைண்டரே தேவைப்படல, நிஜமா. இத பீட்டர் கோல்விட்சர்ங்கிற சைக்காலஜிஸ்ட் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காரு, 'இது நடந்தா இத செய்வேன்'னு முன்னாடியே முடிவு பண்ணி வைக்கிறது. 2006ல அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகள ஒண்ணா சேர்த்துப் பாத்தப்போ நல்ல பலன்தான் தெரிஞ்சிருக்கு. இன்னொண்ணு அந்த டிக்குக்கு கீழ இருக்குற குட்டி நோட்ஸ் பாக்ஸ். பண்ணாத நாள்ல ஏன் பண்ணலன்னு ரெண்டு வார்த்தை எழுதி வச்சேன், ஒரு நாள் சும்மா ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தா முக்கால்வாசி புதன்கிழமை, காரணம் எல்லாம் 'லேட் மீட்டிங்'. சோம்பேறித்தனம் இல்லப்பா, காலண்டர் பிரச்சனை. புதன்கிழமைய லிஸ்ட்லயே இருந்து தூக்கிட்டு 'வாரத்துக்கு 4'ன்னு மாத்தினேன், அதுக்கப்புறம் விட்டதே ரொம்ப கம்மி. இவ்ளோ நல்ல சமாச்சாரம் ரெண்டையும் யார் கண்ணுலயும் படாம வச்சிட்டு, மனச உடைக்குற நம்பர மட்டும் வாசல்ல தோரணம் மாதிரி கட்டி விட்டிருக்கான் பாருங்க.

ஸ்ட்ரீக்க மறைக்க செட்டிங்ஸ்ல ஆப்ஷன் இருந்துச்சு, மறைச்சும் வச்சிருந்தேன். போன அப்டேட்ல அது விட்ஜெட்ல திரும்ப வந்து உக்காந்துடுச்சு, இப்ப ஆப்ஷனயே காணோம். தினமும் மாத்திரை போடுற மாதிரி நாள் தவறக்கூடாத விஷயத்துக்கு அந்த நம்பர் உதவலாம், அது வேற. எனக்கு வேணாம்னா வேணாம்.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். மச்சி, வாங்காத. காலண்டர்ல பேனாவால டிக் போடு, பக்கத்துலயே எதுக்கு அப்புறம் செய்வேன்னு எழுதிக்கோ, போதும். நான் அடுத்த வருஷத்துக்கும் சப்ஸ்கிரிப்ஷன் கட்டிட்டேன், அது ஏன்னு கேட்டா என் நோட்ஸ் எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு, எக்ஸ்போர்ட் பண்ணா வெறும் டிக் மட்டும் தான் வருது. அதப் பத்தி சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு ஆட்டோ ரிப்ளை, அதுக்கு கீழயே 'இன்றைய ஸ்ட்ரீக்கை இழந்துவிடாதீர்கள்'னு ஒரு பட்டன்.