பில்லில் ஜிஎஸ்டி இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை

திருப்பூரில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவன் நான். மாதம் 11ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதி இன்னொன்று. அந்தப் பத்து நாளும் தலைவலி இல்லாமல் கழிந்ததே இல்லை. இடது நெற்றிப்பொட்டில் விண் விண்ணென்று தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, குமட்டும். மேஜை டிராயரில் மாத்திரை அட்டை எப்போதும் கிடக்கும். ஒன்று போட்டால் அடங்கும், மறுநாள் திரும்ப வரும்.

2024 நவம்பரில் செல்போன் வீடியோக்களைப் பார்த்துத்தான் கெட்டேன். கழுத்தைப் பிடித்து மடக்கென்று திருப்புவார்கள், படுத்திருந்தவர் கண்கலங்கி எழுந்து கும்பிடுவார். கோயம்புத்தூரில் அப்படிக் கழுத்தையும் முதுகெலும்பையும் கையால் திருப்பி வலியைப் போக்குவதாகச் சொல்லும் ஒரு கைரோபிராக்டிக் மையம். வெள்ளைக் கோட்டு போட்டவர் என் கழுத்து எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு இழுத்து, "முதல் எலும்பு விலகியிருக்கு சார், அதான் நரம்பை அழுத்துது. 10 சிட்டிங்ல சரி பண்ணிடலாம்" என்றார். வலி எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் இருக்கும், என்ன மாத்திரை போடுகிறேன், ஒன்றையும் கேட்கவில்லை. 15,000 ரூபாய், அதற்கு 18% ஜிஎஸ்டி 2,700. மொத்தம் 17,700, முழுவதும் முன்கூட்டியே.

இங்கேதான் என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அலோபதி, சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி, யோகா, இயற்கை மருத்துவம் என்று அங்கீகாரம் பெற்ற முறைகளுக்குத்தான் அந்த விலக்கு. கைரோபிராக்டிக் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கென்று ஒரு பதிவு கவுன்சிலும் நம் நாட்டில் இல்லை. ஊருக்கெல்லாம் இந்த விதியைச் சொல்லிக் காசு வாங்குகிறவன், என் பில்லைப் பார்த்து 'இதற்கு இன்புட் எடுக்க முடியாதே', அதாவது கட்டின வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாதே என்று மட்டும் யோசித்தேன்!

முதல் நாள் கேட்ட சத்தம், சலூனில் தலைக்கு மசாஜ் செய்துவிட்டு நெட்டி முறிப்பார்களே, அதே சத்தம். எலும்பு இடத்தில் உட்காருகிறதாம். மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது அது என்று பிற்பாடு தெரிந்தது. இரண்டு நாள் லேசாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

நான்காவது சிட்டிங் முடிந்து படியிறங்கும்போது தலை சுற்றியது. பஸ்ஸில் வாந்தி. பிடரியில் வலப்பக்கம் கத்தி சொருகின மாதிரி புதிதாக ஒரு வலி. நர்ஸாக இருக்கும் என் மச்சினிக்குப் போன் போட்டேன். "மாமா, வீட்டுக்குப் போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். கழுத்தைச் சடாரென்று திருப்பும்போது, அபூர்வமாக, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாமாம். ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை, தசைப்பிடிப்புதான். ஸ்கேன் முடியும்வரை எனக்கு உயிரே இல்லை.

நரம்பியல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மாசத்துக்கு எத்தனை மாத்திரை?" அடுத்த முறை டிராயரில் கிடந்த காலி அட்டைகளை எடுத்துப்போய்க் காட்டினேன். நவம்பரில் மட்டும் மூன்று அட்டை, முப்பது மாத்திரை, அதுவும் காஃபின் கலந்த கலவை மாத்திரை. எனக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி. அதன் மேல் மாத்திரையே உண்டாக்கின தலைவலி. கலவை மாத்திரையை மாதம் 10 நாள், சாதா வலி மாத்திரையை 15 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் இப்படி ஆகுமாம். நிறுத்தினேன். முதல் எட்டு நாள் நரகம், அப்புறம் மெல்ல அடங்கியது.

அவர் சொல்லித்தான் மற்ற வகைகளும் தெரிந்தன. தலையைச் சுற்றித் துணி கட்டி இறுக்கின மாதிரி இருபக்கமும் வலித்தால் அது இறுக்கத் தலைவலி. ஒரு கண்ணைச் சுற்றிக் குடைந்து அந்தக் கண்ணில் மட்டும் நீர் வழிந்தால் அது கிளஸ்டர் தலைவலி. கழுத்து மூட்டில் கிளம்பித் தலைக்கு ஏறுவது இன்னொன்று. கழுத்துப் பயிற்சியும் கைவைத்துச் செய்யும் சிகிச்சையும் ஓரளவு கேட்பது அதற்குத்தான் என்றார். எனக்கு அது இல்லை என்று கண்டுபிடிக்க நாலு கேள்வி போதுமாயிருந்தது.

மீதிப் பணத்தைக் கேட்டேன். "ரீஃபண்ட் கிடையாது, கையெழுத்து போட்டிருக்கீங்களே சார்" என்றார்கள். பொடி எழுத்தில் இருந்ததை இப்போதுதான் படித்தேன்: 'வெல்னஸ் சேவை'. 'சிகிச்சை' என்ற சொல்லே அதில் இல்லை.

திடீரென்று இடி விழுந்தாற்போல் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சு குழறல், கை கால் தளர்ச்சி, 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் தலைவலி, இதில் எது இருந்தாலும் யாரிடமும் கழுத்தைக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 வருடம் அவகாசம் உண்டு. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், முதல் இணைப்பு அந்த பில்தான். மையத்திலிருந்து மட்டும் இன்னும் போன் வருகிறது: "ஆறு சிட்டிங் பாக்கி இருக்கு சார், எப்ப வர்றீங்க?"