நெல்லையில் பெரிய மாடுலர் சிந்தசைசர்: யூரோராக்கா, 5யு-வா, பனானாவா, காஸ்மோவா?

மாடுலர் சிந்தசைசர் என்பது மாட்யூல் எனும் தனித்தனிப் பகுதிகளை ஒயரால் இணைத்து வாசிக்கும் மின்னிசைக் கருவி. வீட்டிலேயே அதைப் பெரிதாகக் கட்ட நினைப்பவர் எந்த ஆசிலேட்டர் (ஒலியை எழுப்புவது), எந்த ஃபில்டர் (அந்த ஒலியைச் செதுக்குவது) என்றுதான் முதலில் யோசிப்பார். அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது எந்த ஃபார்மட் என்பது. பேனலின் உயரம், ஜாக்கின் வகை, பவர் சப்ளை மூன்றும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். நாலு மாட்யூல் செய்த பிறகு மனம் மாறினால் சமாளிக்கலாம். நாற்பது செய்த பிறகு முடியாது.

வெளிநாட்டில் எழுதப்படும் ஒப்பீடுகள் குளிர்ந்த அறையையும், நினைத்தவுடன் பார்சல் வந்து சேரும் வசதியையும் மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. இங்கே நெல்லையில் சித்திரை வெயில் உண்டு, சாயங்கால லோ வோல்டேஜ் உண்டு, வெளிநாட்டுப் பார்சல் ஒவ்வொன்றுக்கும் சுங்கவரி உண்டு. ஆகவே நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எல்லாவற்றையும் எடைபோடுகிறேன்: ராத்திரி ஒரு பாகம் போய்விட்டால், மறுநாள் காலையில் ஜங்ஷனுக்கோ வண்ணார்பேட்டைக்கோ போய் வாங்கி வந்து மாட்ட முடியுமா?

போட்டியில் இருப்பவை நான்கு. யூரோராக், ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் ஏ-100 வரிசையோடு கொண்டுவந்தது. பேனல் உயரம் 128.5 மி.மீ., அகலம் ஹெச்பி கணக்கில் (ஒரு ஹெச்பி 5.08 மி.மீ.), 3.5 மி.மீ. ஜாக், பிளஸ் மைனஸ் 12 வோல்ட். 5யு, ராபர்ட் மூக் 1964இல் தொடங்கிவைத்த பெரிய பெட்டிகளின் வழிவந்தது. உயரம் 222 மி.மீ., ஒரு யூனிட் அகலம் சுமார் 54 மி.மீ., 6.35 மி.மீ. ஜாக், இப்போது பெரும்பாலும் பிளஸ் மைனஸ் 15 வோல்ட். இந்த மூக் வம்சம் நம் நாட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் மாடுலரை நிறுவினார், இசைக்கலைஞர் கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் வேலை செய்திருக்கிறார்கள். மூன்றாவது 4யு, டான் புக்லாவும் செர்ஜ் செரெப்னினும் போன வழி. உயரம் சுமார் 178 மி.மீ. செர்ஜில் எல்லாமே பனானா ஜாக். புக்லாவில் கன்ட்ரோல் வோல்டேஜுக்கு (ஒரு மாட்யூல் இன்னொன்றை இயக்க அனுப்பும் வோல்டேஜ்) மட்டும் பனானா, ஆடியோவுக்கு வேறு சின்ன ஜாக். நான்காவது காஸ்மோ, இங்கிலாந்தின் சாம் பேட்டில் வீட்டில் கட்டுபவர்களுக்காகவே வகுத்தது. உயரம் 200 மி.மீ., அகலம் 25 மி.மீ.யின் மடங்கு, 6.35 மி.மீ. ஜாக், ஆனால் பவர் மட்டும் யூரோராக்கின் அதே பிளஸ் மைனஸ் 12.

ஒன்றை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபார்மட்டால் ஒலி மாறாது. ஒரே ஃபில்டர் சர்க்யூட்டைச் சின்னப் பேனலில் வைத்தாலும் பெரிய பேனலில் வைத்தாலும் காதுக்கு ஒன்றுதான்.

ஜாக்கும் பேனலும்

நெல்லைச் சீமையில் கோயில் கொடை (திருவிழா) நடக்காத ஊர் இல்லை. கொடை என்றால் மைக் செட் உண்டு. மைக் செட் இருக்கும் ஊரில் 6.35 மி.மீ. ஜாக் தேடி அலைய வேண்டியதில்லை. கடையில் ‘பி-38’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பின், சாக்கெட், ஒயர், அதை சால்டர் வைத்துத் தரும் ஆள், எல்லாம் ஒரே கடையில் இருக்கும். 5யுவும் காஸ்மோவும் இங்கே பெரிதாக முந்திவிடுகின்றன.

யூரோராக்கின் 3.5 மி.மீ. சாக்கெட்டும் நம் கடைகளில் ‘ஈ.பி.’ என்ற பெயரில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ரேடியோவுக்கும் ஹெட்போனுக்கும் செய்த ஸ்டீரியோ சாக்கெட். யூரோராக் பிசிபிகள் (சர்க்யூட் போர்டுகள்) எதிர்பார்ப்பது நிமிர்ந்து நிற்கும், கால் அமைப்பு வேறான மோனோ சாக்கெட். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று உட்காராது. அதை வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ஐந்து மாட்யூல் என்றால் சரி. பெரிய சிஸ்டத்தில் ஜாக் மட்டுமே நூற்றுக்கணக்கில் வரும்.

பனானா சாக்கெட்டைக் கல்லூரி லேப் சாமான் விற்பவர்கள் வைத்திருப்பார்கள். ஒரு பின்னின் தலையில் இன்னொரு பின்னைச் சொருகலாம் என்பது பேட்ச் செய்பவருக்கு, அதாவது ஒயரால் மாட்யூல்களை இணைப்பவருக்கு, பெரிய சுகம். உவரி, இடிந்தகரைப் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பி-38 சாக்கெட்டில் பின் சொருகாதபோது உள்ளே மூடியிருக்கும் சுவிட்ச் தகடு ஒன்று இருக்கிறது. அதை வைத்துத்தான் ‘நார்மல்’ இணைப்பு (ஒயர் சொருகாமலே தானாக இருக்கும் இணைப்பு) கொடுக்கிறோம். உப்புக்காற்றில் முதலில் கறுப்பது அந்தத் தகடுதான். பனானாவில் அந்தத் தகடே கிடையாது. ஆனால் அதனாலேயே நார்மல் இணைப்பும் கிடையாது, எல்லாவற்றையும் கையால்தான் பேட்ச் செய்ய வேண்டும். இரண்டு பெட்டிகளைச் சேர்த்தால் கிரவுண்டுக்குத் தனி ஒயர் இழுக்கவும் வேண்டும்.

பேனலுக்கு நம் ஊரில் அருமையான ஒரு வழி இருக்கிறது. கடைகளின் முகப்பில் ஒட்டும் ஏசிபி ஷீட். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக், மொத்தம் 3 மி.மீ. கனம். நேம் போர்டு கடைக்காரர்கள் வெட்டி மிச்சமான துண்டுகளே ஒரு வரிசைக்குப் போதும். சிஎன்சி வைத்திருப்பவர் ஓட்டையும் போட்டுத் தருவார். பி-38 சாக்கெட்டின் மரை நீளம், 3 மி.மீ. கனத்தைத் தாண்டி நட்டு நன்றாகப் பிடிக்கும். யூரோராக்கின் குட்டி சாக்கெட்டுக்கு மரை பற்றாது, 2 மி.மீ. அலுமினியத்துக்குத்தான் போக வேண்டும். பின்பக்க அலுமினியத் தோலை ஓரிடத்தில் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் இரைச்சலும் அடங்கும்.

குமிழ்களையும் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு சாமான் கடைந்து தரும் லேத் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். 6 மி.மீ. ஷாஃப்டுக்கு ஓட்டை விட்டு, பக்கவாட்டில் ஒரு ஸ்குரூ வைத்தால் மரக் குமிழ் தயார். பெரிய பேனலில்தான் அந்தக் குமிழ் அழகாக உட்காரும். யூரோராக்கின் நெருக்கத்தில் விரலே நுழையாது.

வெயிலும் ஆசிலேட்டரும்

இதுதான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான பகுதி. நம் ஊரில் மாடுலர் கட்டுபவர் வெப்பத்தைப் பற்றி யோசிக்காமல் கட்டினால் சுருதி நிற்காது.

எல்லா ஃபார்மட்டிலும் பெரும்பாலும் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அதைச் செய்வது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். அந்த ஜோடியின் குணம் வெப்பத்தோடு மாறுகிறது. ஒரு டிகிரி ஏறினால் ஸ்தாயியின் அளவு சுமார் 0.33 சதவீதம் சுருங்கும், அதாவது 4 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்). காலையில் அறை 26 டிகிரி, மத்தியானம் 38 என்று வையுங்கள். 12 டிகிரிக்கு 48 சென்ட். ஸட்ஜத்துக்குச் சரியாக வைத்த ஆசிலேட்டரில் மேல் ஸட்ஜம் கிட்டத்தட்ட அரை ஸ்வரஸ்தானம் இறங்கி நிற்கும். இரண்டு ஸ்தாயி தள்ளினால் அதைப்போல இரண்டு மடங்கு.

மேற்கத்திய பாணியில் இரைச்சலும் தாளமுமாக வாசிப்பவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். நமக்கு அப்படி இல்லை. அந்தர காந்தாரத்தை 5/4 விகிதத்தில் வைக்க வேண்டுமானால் 0.3219 வோல்ட் கொடுக்க வேண்டும். கீபோர்டின் சம அளவில் அதே காந்தாரம் 0.3333 வோல்ட். வித்தியாசம் 11 மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், காதில் சுமார் 14 சென்ட். கீபோர்டில் கிடைக்காத இந்த காந்தாரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் மாடுலரின் பெரிய வரம். நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணில், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே இழையும் ஒலி வேண்டும் என்பவருக்கு இதைவிட ஏற்ற மின்கருவி எனக்குத் தெரிந்து இல்லை. அந்த 14 சென்ட்டை மத்தியான வெயில் விழுங்கிவிட்டால் என்ன பயன்?

வழிகள் மூன்று. தனித்தனி டிரான்சிஸ்டரில் கட்டி, பக்கத்திலேயே ஒட்டி ஒரு டெம்ப்கோ ரெசிஸ்டர் (வெப்பத்தோடு தானும் மாறி ஈடு செய்வது) வைப்பது ஒன்று. ஜோடி பொறுக்க வேண்டும், டெம்ப்கோ இங்கே கிடைக்காது, இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும். சர்க்யூட்டைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எட்டுப் பத்து ஆசிலேட்டர் இப்படிக் கட்டச் சொல்ல மாட்டேன். இரண்டாவது 3340 சிப். டக் கர்ட்டிஸ் வடிவமைத்தது, புராபெட்-5 சிந்தசைசரின் மூன்றாம் பதிப்பில் இருந்தது. லாட்வியாவின் ஆல்ஃபா நிறுவனம் அதை ஏஎஸ்3340 என்று இன்றைக்கும் செய்கிறது. வெப்பத்துக்கான ஈடு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. பத்து சிப்பை ஒரே தடவையில் வரவழைத்துவிட்டால் மற்ற சாமான் முழுவதும் உள்ளூர்க் கடையில் முடிந்துவிடும். மூன்றாவது டிஜிட்டல். எமிலி ஜிலேவின் மாட்யூல் நிறுவனமான மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2022இல் மூடப்பட்டாலும், அவர் திறந்து கொடுத்த வடிவமைப்புகள் அப்படியே கிடைக்கின்றன. சுருதி அசையாது. போர்டின் மேலேயே சால்டர் வைக்கும் சின்னச் சின்ன எஸ்எம்டி பாகங்களை வைக்க மொபைல் சர்வீஸ் கடையின் ஹாட் ஏர் கைகொடுக்கும்.

நான் 3340ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். சிப் எதுவானாலும் பெட்டியின் முன்பக்கம் நேராக சீலிங் ஃபேன் காற்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாசிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே சுவிட்சைப் போடுங்கள்.

கரண்ட்

பார்ட்ஸ் கடையில் டிரான்ஸ்பார்மர் கேட்டால் முதலில் கையில் வருவது 12-0-12. பிளஸ் மைனஸ் 12 வோல்ட்டுக்கு அது போதும் என்று தோன்றும். போதாது. 230 வோல்ட் இருக்கும்போது கெபாசிட்டரில் 16 வோல்ட் சொச்சம் நிற்கும். லைன் 190க்கு இறங்கினால் அது 13 சொச்சமாகிவிடும். 12 வோல்ட் ரெகுலேட்டரான 7812 ஒழுங்காக வேலை செய்ய 14 ஆவது வேண்டும். உடனே ‘ம்ம்ம்’ என்ற ஹம் உள்ளே நுழைந்துவிடும். 15-0-15 வாங்குங்கள். 190இலும் 16க்கு மேல் நிற்கும். அதற்கு விலை வெப்பம்: ஒரு ஆம்பியர் இழுத்தால் ரெகுலேட்டர் 8 வாட் வரை சூடாகும், நல்ல ஹீட் சிங்க் வேண்டும். அந்தச் சூடு ஆசிலேட்டருக்குக் கீழே இருக்கவே கூடாது. சப்ளையைத் தனிப் பெட்டியாக வெளியில் வைப்பதே நல்லது.

எஸ்எம்பிஎஸ் (சுவிட்ச்சிங் பவர் சப்ளை)? லோ வோல்டேஜைப் பொருட்படுத்தாது, சூடும் குறைவு. மூன்று வோல்டேஜ் தரும் ரெடிமேட் பெட்டிகளில் மைனஸ் பக்கம் கரண்ட் குறைவாகவே இருக்கும் என்பதுதான் பெரிய சிஸ்டத்துக்கு இடைஞ்சல். 5யு எடுத்தால் பிளஸ் மைனஸ் 15 வேண்டும், டிரான்ஸ்பார்மர் 18-0-18 ஆகும், சூடும் கூடும்.

எதில் கட்டினாலும் பெட்டியின் பின்பக்கத்தைக் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். பல்லி உள்ளே போய் மெயின்ஸைத் தொட்டால் பியூஸோடு போகாது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் கீழ் வரிசையை இடுப்புயரத்துக்கு மேலே வைப்பது நல்லது. 2023 டிசம்பரில் தாமிரபரணி எங்கெல்லாம் ஏறியது என்பது ஜங்ஷன் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் முடிவு

பெரிதாக, வீட்டில், நெல்லையில் என்றால் காஸ்மோ. ஜாக் மைக் செட் கடையில், பேனல் நேம் போர்டு கடையில், பவர் யூரோராக்கினுடையது. அந்தக் கடைசிக் காரணம்தான் 5யுவிடமிருந்து என்னைத் திருப்பியது. யூரோராக்குக்காக உலகம் முழுவதும் வரைந்து வைத்திருக்கும் சர்க்யூட்டுகளை ஒரு ரெசிஸ்டரும் மாற்றாமல் 200 மி.மீ. பேனலுக்குப் பின்னால் வைத்து ஒயர் இழுத்துவிடலாம். 15 வோல்ட்டில் ஒவ்வொன்றையும் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும். ரெடிமேட் காஸ்மோ மாட்யூல் அநேகமாக இல்லை என்பது உண்மையான குறை. கட்டுவதற்கே ஆசைப்படுபவருக்கு அது குறையாகப் படாது.

கையில் இன்னும் ஒன்றும் இல்லையென்றால் ஆண்ட்ரூ பெல்ட்டின் மாடுலர் மென்பொருளான விசிவி ராக்கைக் கம்ப்யூட்டரில் இலவசமாகப் போட்டு, எத்தனை ஆசிலேட்டர், எத்தனை விசிஏ (வோல்டேஜால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாட்யூல்) தேவைப்படுகிறது என்று கொஞ்ச நாள் பாருங்கள். விசிஏ எப்போதுமே நினைத்ததைவிட அதிகமாக வேண்டியிருக்கும்.

கச்சேரிக்கு பஸ்ஸில் தூக்கிப் போகிறவர் மட்டும் யூரோராக்கே எடுக்கலாம். 104 ஹெச்பி என்றால் 53 செ.மீ. அகலம், இரண்டு வரிசை மடியில் அடங்கிவிடும். அப்புறம் வீட்டில் காஸ்மோ, கையில் யூரோராக் என்று இரண்டும் சேர்ந்தாலும் தொந்தரவில்லை, வோல்டேஜ் ஒன்றுதான். ஒரு முனையில் பி-38, மறுமுனையில் ஈ.பி. பின் வைத்த கேபிள் போதும். கடையில் தொங்கும் மொபைல் கேபிளை மட்டும் வாங்காதீர்கள், அதன் ஈ.பி. முனை ஸ்டீரியோ. இரண்டு முனையும் மோனோ பின்னாகக் கேட்டுச் செய்து வாங்குங்கள்.