1966 மஸ்டாங்குடன் ஒன்பது குளிர்காலங்கள்

2015 அக்டோபரில், மிச்சிகன் மாநிலம் கேன்டனில் உள்ள எங்கள் வீட்டு கராஜில், 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை இழுவை வண்டியிலிருந்து இறக்கி நிறுத்தினேன். வடக்கு ஒகையோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பதினெட்டு ஆண்டுகள் ஓடாமல் கிடந்த அந்தக் காருக்கு 5,800 டாலர் கொடுத்திருந்தேன். விற்றவர் புது பேட்டரியை இணைத்து, கார்பரேட்டரில் சிறிது பெட்ரோலை ஊற்றிச் சாவியைத் திருப்பியபோது எட்டு சிலிண்டர்களும் இருமிக்கொண்டே உயிர்பெற்றன. அந்தச் சத்தத்தில் மயங்கி, காருக்கு அடியில் ஒருமுறை கூடப் படுத்துப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். இத்தனை ஆண்டுகள் இதனோடு மல்லுக்கட்டிய பிறகு, இதே போன்ற காரை வாங்க எண்ணுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இன்ஜின் ஓடுகிறதா என்று கேட்பதற்கு முன், தகடு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

என் காரின் அடையாள எண் 6எஃப்07சி என்று தொடங்குகிறது. 6 என்பது 1966ஆம் மாடல் ஆண்டு. எஃப் என்பது டியர்பார்ன் ஆலை. 07 என்பது இரண்டு கதவுகளும் தகட்டுக் கூரையும் கொண்ட வகை. சி என்பது இரட்டைக் குழல் கார்பரேட்டர் பொருத்திய 289 கன அங்குல வி8 இன்ஜின். டியர்பார்ன் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணம்தான். அரை நூற்றாண்டு சுற்றிவிட்டு, பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே கார் திரும்பி வந்திருக்கிறது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் அடிப்படை விலையில் அறிமுகமான இந்த மாடல், இரண்டே ஆண்டுகளுக்குள் பத்து லட்சம் கார்களைத் தாண்டியது. 1966 மாடல் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேல். பழுது பார்ப்பவருக்கு இந்த எண்ணிக்கை வெறும் பெருமையல்ல. இவ்வளவு கார்கள் இருப்பதால்தான் ஒரு கதவுக் கைப்பிடி முதல் முழு உடற்கூடு வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முதன்முறை கை வைப்பவர்கள் அபூர்வமான காரை விட்டுவிட்டுப் பரவலான காரை எடுத்துக்கொள்வது நல்லது.

முதல் மழையிலேயே பயணி பக்கத்துத் தரைவிரிப்பு நனைந்தது. முன்கண்ணாடியின் ரப்பர் என்றுதான் முதலில் நினைத்தேன், அதை மாற்றினேன். ஹீட்டருக்குச் செல்லும் குழாய் என்று நினைத்தேன், அதையும் மாற்றினேன். நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. உண்மையில் குற்றவாளி, முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் இடையில் வரிசைத் துளைகளோடு தெரியும் கவுல் என்ற பகுதி. அது மேலும் கீழுமாக இரண்டு தகடுகளை ஸ்பாட் வெல்டிங் செய்து உருவாக்கிய பெட்டி. மழைநீர் மேல்துளைகள் வழியே உள்ளே விழுந்து, இரு ஓரங்களிலும் உள்ள வழியாக வெளியேற வேண்டும். காருக்குள் காற்று வரும் வாய்களைச் சுற்றித் தொப்பி போன்ற உயர்ந்த விளிம்பு இருப்பதால் நீர் அதன் வழியே இறங்காது. ஆனால் ஐம்பது ஆண்டு இலைச்சருகும் எலிக்கூடும் உள்ளே மக்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தால் அந்த விளிம்புதான் முதலில் அரித்துப்போகும். மேலிருந்து கையை விட்டுத் தடவ முடியாது. கண்ணாலும் பார்க்க முடியாது. ஒரு வாளி நீரைக் கவுலில் ஊற்றிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் விளக்கோடு படுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. வாங்குவதற்கு முன் அந்த ஒரு வாளி நீரை நான் ஊற்றியிருந்தால் ஆயிரம் டாலராவது குறைத்துக் கேட்டிருப்பேன்.

இதற்குப் பசை தடவி ஒட்டும் பிளாஸ்டிக் தொப்பிகள் கிடைக்கின்றன. சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்கிறார்கள். அடுத்தவரிடம் காரைத் தள்ளிவிடுவதற்கு அது போதும். நான் முறையாகச் செய்வதென்று முடிவெடுத்ததில் இரண்டாவது குளிர்காலம் முழுவதும் கரைந்தது. பானட்டையும் அதன் கீல்களையும் முன் மட்கார்டுகளையும் முன்கண்ணாடியையும் கழற்றி, மேல்தகட்டின் விளிம்பு நெடுக உள்ள ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைத் தேடித் தேடித் துளையிட்டுப் பிரிக்க வேண்டும். அடித்தகட்டைத் துளைக்காமல் மேல்தகட்டை மட்டும் துளைப்பதற்குத் தனி வெட்டுமுனை உண்டு. அதிலும் முதல் இருபது புள்ளிகளைக் கெடுத்த பிறகுதான் கை பழகியது. கீழே புதுத் தகட்டை வைத்து, மூடப்போகும் பரப்புகளுக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, மிக் வெல்டிங்கில் 0.023 அங்குலக் கம்பியும் ஆர்கன் கலந்த வாயுவும் வைத்துப் பொருத்தினேன். மெல்லிய தகட்டில் ஒரே கோடாக வெல்டிங் இழுத்தால் சூடேறி அப்பளம் போல் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி இன்னொரு பொட்டு என்று வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளைச் சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இதை மட்டும் வெளியே கொடுத்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தரைத்தகடும் இருபுறமும் போயிருந்தது. இது தனிச் சட்டத்தின் மேல் உடலைத் தூக்கி வைத்த கார் அல்ல, உடலே சட்டம். ஆகவே தரையை வெட்டும் முன் கதவு இடைவெளிகளில் இரும்புக் குழாய்களைக் குறுக்காகப் பற்றவைத்துத் தாங்கு கொடுக்காவிட்டால், வெட்டிய பிறகு கதவு மூடாது. இதை நான் முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொண்டதால் தப்பித்தேன். தப்பிக்காதது மாற்று மட்கார்டு விஷயத்தில். விலை குறைவாக இருக்கிறதே என்று ஓர் இணைய விற்பனையாளரிடம் வாங்கியது, விளக்குக் கூட்டோடு சேரும் இடத்தில் கால் அங்குலம் பிந்தி நின்றது. திருப்பி அனுப்பும் செலவு எனக்கே என்றார்கள். பழைய மட்கார்டைச் சீராக்குவதே மேல் என்று திரும்பிவந்தேன்; அசல் தகடு எவ்வளவு மோசமாக இருந்தாலும், காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுவதே இன்றும் என் கொள்கை.

தகட்டோடு ஒப்பிட்டால் இன்ஜின் வேலை விடுமுறை போன்றது. 289 இன்ஜினின் குடும்பம் 302 என்ற பெயரில் 2001 வரை ஃபோர்டு எக்ஸ்புளோரரில் வந்துகொண்டிருந்ததால், கேஸ்கெட், பம்ப், பேரிங் எதற்கும் பஞ்சமில்லை. பானட்டைத் திறந்தால் தரை தெரியும். எல்லாவற்றுக்கும் கை போகும். அரை அங்குலம், பதினாறில் ஒன்பது பங்கு அங்குலம் என்று அங்குல அளவு ஸ்பேனர்களை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே என்னைப் போன்ற மெட்ரிக் ஆட்களுக்குத் தொல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறையாகத் தீப்பொறி மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றியபோது ஊர் நினைவு வந்தது. திருநெல்வேலியில் அப்பாவின் அம்பாசிடரைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் அதை ‘டெல்கோ’ என்றே சொல்வார். டெல்கோ என்பது ஃபோர்டின் போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தின் மின்பாகப் பெயர் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் திறந்து மூடி மின்சாரத்தைத் துண்டிக்கும் முனைகளான பாயின்டின் இடைவெளி 0.017 அங்குலம் என்று அளவுகோலை வைத்துச் சரிசெய்ததும், அவர் சிகரெட் அட்டையைக் கிழித்து வைத்துச் சரிசெய்ததும் அடிப்படையில் ஒரே வேலைதான்.

மூன்று ஆண்டுகள் பாயின்டோடு ஓட்டிவிட்டு மின்னணு இக்னிஷனுக்கு மாறினேன். மாற்ற விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாவியிலிருந்து, தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலுக்கு வரும் இளஞ்சிவப்பு வயர் சாதாரண வயரல்ல, மின்தடையுள்ளது, காயிலுக்குப் போகும் மின்னழுத்தத்தை அதுவே குறைக்கிறது. மின்னணுப் பெட்டிக்கு முழு 12 வோல்ட் தேவைப்பட்டால் வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இதை அறியாமல், சூடானால் நின்றுபோகும் காரோடு இரண்டு வாரம் அலைந்தேன்.

பெட்ரோலும் ஆயிலும் அந்தக் காலத்தவை அல்ல என்பதுதான் நீண்டகாலப் பயன்பாட்டில் தெரியவரும் பிரச்சினை. இன்றைய பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்களும் கார்பரேட்டரின் டயாஃப்ரமும் இறுகி வெடிக்கின்றன. ஈரத்தை இழுத்துக்கொள்வதால் குளிர்காலம் முழுக்க டேங்க்கில் நின்றால் துருவும் பிடிக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். நவம்பரில் காரை நிறுத்தும் முன் எத்தனால் இல்லாத பெட்ரோலைத் தேடிப் போட்டு நிரப்பிவிடுகிறேன். ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு இருக்கைகள் தேயும் என்ற அச்சம், என்னைப் போல ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் மைல் மெதுவாக ஓட்டுபவர்களுக்கு மிகையானது. என்றாலும் வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிய சமயத்தில் கடினப்படுத்திய இருக்கைகளைப் போட்டுவிட்டேன். ஆயில் விஷயத்தில் அலட்சியம் கூடாது. இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் டேப்பட்டும் உருளை இல்லாமல் நேரடியாக உரசுபவை. அவற்றைக் காக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம் புதிய கார்களின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் இன்றைய ஆயில்களில் குறைக்கப்பட்டுவிட்டது. பழைய கார்களுக்கென்று அந்தச் சேர்மம் கூடுதலாக உள்ள ஆயிலைத்தான் ஊற்றுகிறேன்.

பிரேக்கைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டும். 1966 வரை, பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்று. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், ஹேண்ட்பிரேக் மட்டுமே மிஞ்சும். 1967 மாடலில்தான் முன்னும் பின்னும் பிரிந்த இரட்டைச் சுற்று வந்தது. அசல் தன்மை கெடக்கூடாது என்று முதல் ஆண்டு அப்படியே ஓட்டினேன். இன்று நினைத்தால் முட்டாள்தனம். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் போட்ட பிறகுதான் மனைவியை ஏற்றினேன். ஸ்டியரிங் தண்டும் விபத்தில் மடங்காத வகை. பெட்ரோல் டேங்க்கின் மேல்பரப்பே டிக்கியின் தரை. டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே வெறும் அட்டை. அந்த அட்டையின் இடத்தில் இரும்புத் தகட்டை வைத்து அடைத்தேன். இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள பின்சீட்டில் எங்கள் மகளை உட்காரவைப்பதில்லை என்ற முடிவில் அவளுக்குத்தான் வருத்தம்.

மின்சாரத்தில் ஒரு வேடிக்கை. ஒருநாள் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தாற்போல் உச்சத்துக்கு ஏறின. டேங்க் பாதிதான் இருந்தது, இன்ஜினும் சூடாகவில்லை. இந்த இரண்டு முள்களும் பேட்டரியின் 12 வோல்ட்டில் இயங்குவதில்லை. மீட்டருக்குப் பின்னால் உள்ள சிறு பெட்டி, சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகட்டால் விட்டுவிட்டுத் தொடுப்பு கொடுத்து, சராசரி 5 வோல்ட்டாகக் குறைத்து அனுப்புகிறது. அந்தத் தகடு ஒட்டிக்கொண்டால் எல்லா முள்களும் பொய் சொல்லும். இரண்டு முள்கள் ஒரே நேரத்தில் கெட்டால், குறை முள்ளில் இல்லை. ஹெட்லைட்டின் மொத்த மின்னோட்டமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போவதால் அது சூடாகும். சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ரிலே இரண்டு வைத்துச் சுமையைக் குறைத்தேன். செலவு நாற்பது டாலருக்குள்.

பெயின்டை வீட்டில் அடிக்கவில்லை. இன்றைய யூரித்தேன் பெயின்டில் ஐசோசயனேட் உண்டு. வெளியிலிருந்து தனிக் காற்று தரும் முகமூடி இல்லாமல் அதைத் தெளிப்பது நுரையீரலோடு விளையாடுவது. பட்டி, டிங்கரிங், உப்புத்தாள் தேய்ப்பு வரை நானே செய்து கொடுத்தேன். அதிலும், ஆலையிலேயே உடல் இணைப்புகளில் ஈயம் நிரப்பியிருப்பார்கள் என்பதால் அந்த இடங்களில் உலர்தேய்ப்பு செய்யவில்லை. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்முக்குள் காற்றடித்துச் சுத்தம் செய்யவுமில்லை. பம்பருக்குக் குரோம் பூசக் கொடுத்த கடை, ஆறு வாரம் என்று சொல்லி எட்டு மாதம் எடுத்துக்கொண்டு, இரண்டு தாங்கிகளையும் தொலைத்துவிட்டது. கொடுக்கும்போதே ஒவ்வொரு துண்டையும் படமெடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

இதுவரை காரின் விலை போக ஏறக்குறைய 23,000 டாலர் செலவாகியிருக்கிறது; அதில் பெயின்டும் குரோமும் மட்டும் பாதிக்கு அருகில். என் உழைப்புக்குக் கூலி போட்டால், இதே நிலையில் உள்ள காரை வாங்கியிருப்பதே மலிவு. ஒரு கேலனுக்குப் பதினைந்து மைல் கொடுக்கிறது. ஊருக்குள் அறுபது மைல் வேகம் வரை படகில் போவது போன்ற சுகம். அதற்கு மேல் ஸ்டியரிங் தொளதொளவென்று, கைகளுக்கு ஓய்வில்லை. ஆகஸ்டில் உட்வர்ட் நெடுஞ்சாலையில் பழைய கார்கள் அணிவகுக்கும் நாளில் இன்ஜின் சூடேறி ஓரங்கட்டிய ஆண்டும் உண்டு. பெரிய ரேடியேட்டரும் விசிறிக்குக் கூண்டும் போட்ட பின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இப்போது பின் ஆக்சிலின் முன்பக்க ஆயில் சீல் கசிகிறது. கராஜ் தரையில் உள்ளங்கை அளவு கறை. வரும் டிசம்பரில் அதைக் கழற்ற வேண்டும். அங்குள்ள நட்டை முறுக்கும் அளவு தவறினால் பேரிங் ஓலமிடும் என்பதால், கழற்றும் முன் அதன் இடத்தைக் குறித்துவைக்க வெள்ளைப் பெயின்ட் பேனா ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன்.