நெட்ஸில் சிசிடிவி: பந்தைத் தவிர எல்லாம் தெரிகிறது

கிரிக்கெட் நெட்ஸ் தொடங்கப்போகும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "மாப்ளே, 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம்) சிசிடிவி விலை நல்லா இறங்கியிருக்கே, பௌலிங் ஆக்‌ஷன் பார்க்க அது போதாதா? தனியா ஹை ஸ்பீடு கேமரா எதுக்கு?" வாட்ஸாப்பில் ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் முழுசாகவே எழுதிவிட்டேன்.

எங்கள் நெட்ஸில் பௌலிங் கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில் அப்படிப்பட்ட புல்லட் கேமரா ஒன்று பல சீசனாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மெகாபிக்சல், 1080பி, பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் வந்துவிடும்). மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கும். அந்த 60 என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் பேசுவோம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 60 ஃபிரேமில் வைத்தால் சாயங்கால எல்இடி விளக்கில் படம் துடிக்கும், அதனால் 50தான். அந்த 50 வேண்டுமென்றாலும் டபிள்யூடிஆரை (வெயிலும் நிழலும் ஒரே படத்தில் தெரியவைக்கும் வசதி) அணைக்க வேண்டும். அணைத்தால், காலை வெயில் வெளியே அடிக்கும்போது தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் பேட்ஸ்மேன் வெறும் கருப்பு உருவம். கடைக்காரரிடம் கேட்டேன். "சார், ரெண்டும் சேர்ந்து வரும்னு நான் சொல்லவே இல்லையே" என்றார். வாஸ்தவம்தான், சொல்லவில்லை.

சரி, 50 ஃபிரேம் எதற்குப் போதும்? மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்கு 30 மீட்டர் போகிறது. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் 60 சென்டிமீட்டர் தாண்டிவிடும். சாதாரண 25 ஃபிரேம் கேமராவில் 1.2 மீட்டர். பந்து பிட்ச் ஆகும் அந்தக் கணம் ஏதாவது ஒரு ஃபிரேமில் விழுந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். ஃபோனில் வரும் 240 ஃபிரேம் ஸ்லோமோவில் இதே இடைவெளி 12.5 சென்டிமீட்டர்தான்.

ஆனால் நிறையப் பேர் எஃப்பிஎஸ்ஸோடு நின்றுவிடுகிறார்கள். அதைவிட முக்கியம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை வாங்குகிறது என்பது. ஆட்டோவில் விட்டால் வெளிச்சம் குறையக் குறையக் கேமரா ஷட்டரை 1/50 நொடிக்குக் கொண்டுவந்துவிடும். அப்போது பந்து உருண்டையாக இருக்காது, 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. 1/1000 வைத்தால் இழுவை 3 சென்டிமீட்டர், பந்தின் குறுக்களவில் பாதிகூட இல்லை. காலையில் இது அருமையாக வேலை செய்கிறது. சாயங்காலம்தான் பிரச்சினை. முதலில், வெளிச்சம் போதாது. அப்புறம், மலிவு எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், அந்த மங்கல் படத்தின் குறுக்கே பட்டையாக விழுகிறது. பந்து வெளிச்சப் பட்டையில் இருக்கும்போது தெரியும், இருட்டுப் பட்டைக்குள் போனால் காணோம். இதே வரிவரிப் படிப்பால்தான் வேகமாகச் சுழலும் பேட் ரப்பர் மாதிரி வளைந்து தெரிவதும். பசங்களுக்கு அது ஒரு வேடிக்கை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று: வலை.

ஆமாம், நெட்ஸின் வலையேதான். சிசிடிவி தன் படத்தை அப்படியே சேமிப்பதில்லை. முழுப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிக்கொண்டு போகிறது. கடை வாசலுக்கு இது பிரமாதமான ஏற்பாடு, ஏனென்றால் அங்கே பாதி நாள் எதுவுமே அசையாது. நெட்ஸில் காற்றடித்தால் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் அசையும். கேமராவுக்கு அத்தனையும் 'மாற்றம்'. கடையில் செட் பண்ணிக் கொடுத்த 4 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் (நொடிக்கு 4 மெகாபிட் டேட்டா, அவ்வளவுதான் எழுதும்) பெரும்பங்கை வலை தின்றுவிடும். எந்தப் பந்துக்காகக் கேமரா மாட்டினோமோ அதற்கு மிச்சம் கிடைப்பது நாலு சதுரக் கட்டங்கள். ஃபிரேமை நிறுத்திப் பார்த்தால் பின்னால் வலையின் முடிச்சு ஒவ்வொன்றும் துல்லியமாக இருக்கிறது, பௌலரின் மணிக்கட்டு கரைந்த சோப்பு மாதிரி இருக்கிறது. வலைமேல் அப்படி என்ன பாசமோ!

பிட்ரேட்டை நிலையாக 16க்கு ஏற்றி, வீடியோவை இன்னும் சுருக்கும் 'ஸ்மார்ட்' கோடெக்கை அணைத்த பிறகு பாதி சரியானது. மீதிப் பாதிக்குக் காரணம் 3டி நாய்ஸ் ரிடக்‌ஷன். இருட்டில் வரும் புள்ளிகளை அழிக்க அது பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களைக் கலந்து சராசரி எடுக்கிறது. எல்லா ஃபிரேமிலும் இருக்கும் சுவர் பளிச்சென்று வரும். ஒரு ஃபிரேமில் மட்டும் இருக்கும் பந்தை அது அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும். அதைக் குறைத்தால் புள்ளிகள் கூடும், புள்ளிகளும் 'மாற்றம்'தானே, மறுபடி பிட்ரேட்டைத் தின்னும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏணியும் லேப்டாப்புமாக நான் மல்லுக்கட்டிய ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கே இல்லை. ஏணியில் ஏறும்போது ஐஆர் விளக்கை (இருட்டில் பார்க்கக் கேமராவில் இருக்கும் அகச்சிவப்பு விளக்கு) சுற்றி சிலந்தி கட்டிய வலையையும் துடைத்துவிட்டு வரலாம், அது ஒரு லாபம்.

கடுப்பு எங்கே என்றால், உள்ளே இருக்கும் சென்சாரில் குறை கிடையாது. சிசிடிவிகளில் வரும் சோனி ஐஎம்எக்ஸ்290 சென்சார் 1080பியில் நொடிக்கு 120 ஃபிரேம் கொடுக்க வல்லது. அதை வைத்துக் கட்டும் கேமராக்களில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் 25, 30. மிச்சத்தை ஃபர்ம்வேரும் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) சிப்பும் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. திருடனைப் பிடிக்க 25 போதும் என்பது அவர்கள் கணக்கு. 'யார் வந்தது' என்று சொல்லத்தான் இந்தக் கேமராவைச் செய்திருக்கிறார்கள், 'கை எப்படிச் சுற்றியது' என்று சொல்ல இல்லை.

நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். முன்கால் நோபால் பார்ப்பதற்கு இதை மிஞ்ச ஆளில்லை. கால் தரையில் பதியும் இடம்தானே முக்கியம். பதிந்த கால் சில ஃபிரேம்களுக்கு அசையாமல் நிற்கிறது, மங்கலே இல்லை. குதிகால் பாப்பிங் கிரீஸுக்கு (முன்கால் முழுசாகத் தாண்டக் கூடாத கோடு) உள்ளே இறங்கியதா இல்லையா என்பதில் இப்போது எங்கள் நெட்ஸில் சண்டையே வருவதில்லை. ரன் அப் தடுமாறுவது, கடைசி ஓவரில் தோள் சாய்வது எல்லாமே தெரிகிறது. இன்னொன்று, யாரும் எந்தப் பட்டனையும் அமுக்க வேண்டாம். ஃபோனில் ஸ்லோமோ எடுக்க ஒரு ஆள் நிற்க வேண்டும். அவர் கையை எடுத்த அடுத்த பந்தில்தான் அந்த யார்க்கர் விழும். இங்கே கோச் "6.40 வாக்கில் ஒண்ணு உள்ளே வந்துச்சே, அதை எடு" என்றால் எடுத்துவிடலாம். 16 எம்பிபிஎஸ்ஸில் ராத்திரி பகலாக ஓடினாலும் 4 டிபி டிஸ்க் மூன்று வாரம் தாங்குகிறது. கிளிப்பைக் கணினிக்கு மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் கினோவியா மென்பொருளில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் பசங்களே தங்கள் தப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். மழை, தூசி, சித்திரை வெயில் எதற்கும் கேமரா அசரவில்லை. போன ஐப்பசி இடியில் பிஓஇ சுவிட்சின் போர்ட் போனது, கேமரா பிழைத்துக்கொண்டது.

ஒரு வேண்டுகோள். "பையன் த்ரோ பண்றானா, உங்க கேமராவுல பார்த்துச் சொல்லுங்க" என்று பெற்றோர் கேட்கிறார்கள். முடியாது. மடங்கிய முழங்கையை அளவுக்கு மேல் நீட்டிப் பந்து போடுவதுதான் த்ரோ, ஐசிசி அனுமதிக்கும் நீட்சி 15 டிகிரி. அதை அளக்க உடம்பில் மார்க்கர்கள் ஒட்டி, சுற்றிலும் பல அதிவேகக் கேமராக்கள் வைத்து முப்பரிமாணத்தில் கணக்குப் போடுகிறார்கள். சென்னை ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு மையம் இருக்கிறது, 2014இல் ஐசிசி அங்கீகாரம் பெற்றது. ஒற்றைக் கோணத்தில், 50 ஃபிரேமில், சோப்பு மாதிரிக் கரைந்த கையை வைத்து ஒரு பையன் தலையெழுத்தைத் தீர்மானிக்க நான் தயாராக இல்லை.

ஆகவே மாப்ளே, ஹை ஸ்பீடு வீடியோவுக்கு என்றால் இதை வாங்காதே, விலை இன்னும் பாதியானாலும் வாங்காதே. 240 ஃபிரேம் எடுக்கும் பழைய ஃபோன் ஒன்று, ஒரு டிரைபாட், காலை வெயில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. நிஜமாகவே அளக்க வேண்டுமென்றால் குளோபல் ஷட்டர் (வரிவரியாக இல்லாமல் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பது) உள்ள இண்டஸ்ட்ரியல் கேமராவுக்குப் போ, கூடவே துடிக்காத விளக்குக்கும் காசு எடுத்து வை.

நான் இரண்டாவது லேனுக்கு இதே மாடலில் இன்னொன்று ஆர்டர் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்காதே. இந்தத் தடவை கேமராவுக்குப் பின்னணியாக வலை வராமல் சுவர் வரும்படி மாட்டப் போகிறேன்.