ஆறில் ஒன்று உடைந்து வந்தது

பெட்டியைத் திறக்கும் முன்பே காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே கலகலவென்றது. பீங்கான் வந்த பெட்டியில் கேட்கவே கூடாத சத்தம் அது.

"பழைய டிக்கி கோப்பைகளும் காக்டெயில் கண்ணாடிகளும், ஆறு உருப்படிகள், மிக நல்ல நிலையில்" என்று இணையத்தில் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். 74 டாலர், தபாலுக்கு 22. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. "டிக்கி காருக்குத்தானே இருக்கும்?" என்று கேட்டார் என் கணவர். இந்த வேடிக்கையை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காரின் டிக்கி வேறு, இது வேறு. நியூசிலாந்துப் பழங்குடிகளான மாவோரிகளின் மரபில் டிக்கி என்பவன் முதல் மனிதன். பாலினேசியத் தீவுகளில் மரத்திலும் கல்லிலும் செதுக்கும் மனித உருவங்களுக்கும் அதே பெயர் வழங்குகிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் முடிந்த கையோடு ஹாலிவுட்டில் எர்னெஸ்ட் காண்ட் என்பவர் பசிபிக் தீவுப் பாணியில் 'டான் த பீச்கோம்பர்' மதுக்கூடத்தைத் தொடங்கினார். 1934இல் இதே ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜெரான் திறந்த சிறு கடை பிறகு 'ட்ரேடர் விக்ஸ்' ஆனது. ரம் கரீபியன் தீவுகளுடையது, சிலைகள் பசிபிக் தீவுகளுடையவை, இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைத்த கற்பனை மட்டும் கலிபோர்னியாவுடையது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அந்தச் சிலைகளின் முகங்கள் கோப்பைகளாக வரத் தொடங்கின. பெரும்பாலானவை ஜப்பானில் செய்யப்பட்டு வந்தவை.

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் திரவம் அளப்பதுதான் தொழில். அதனால் வீட்டுக்கு எந்தக் கோப்பை வந்தாலும் முதலில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அளந்துவிட்டுத்தான் மறுவேலை. மதுவில் எனக்குப் பெரிய ஆசை இல்லை. மாதத்துக்கு ஒரு கிளாஸ் என்றால் அதிகம். பாத்திரத்தின் மேல்தான் ஆசை.

உடைந்திருந்தது ஸ்கார்ப்பியன் கிண்ணம். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து நீண்ட ஸ்ட்ராக்களால் ஒரே பாத்திரத்திலிருந்து குடிக்கும் அகன்ற கிண்ணம் அது. நடுவில் எரிமலை போல ஒரு மேடு, அதன் உச்சியில் குழி. அந்தக் குழியில் வீரியமான ரம் ஊற்றிப் பற்றவைப்பார்கள். எனக்கு வந்ததில் எரிமலை தனியாகவும் கிண்ணம் மூன்று துண்டாகவும் இருந்தன. சுற்றியிருந்தது ஒற்றைச் செய்தித்தாள். கிண்ணத்தின் உட்புறத்தில் ஒரு காகிதம்கூடத் திணிக்கவில்லை. குழிவான பீங்கானை அனுப்புகிறவர் முதலில் உள்ளே அடைக்க வேண்டும், பிறகு வெளியே சுற்ற வேண்டும், அதன்பின் அந்தப் பெட்டியையே இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து இடைவெளியை நிரப்ப வேண்டும். இவர் இதில் ஒன்றையும் செய்யவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். நான்கு நாள் மௌனம். பிறகு "தபால்காரர்கள் தூக்கிப் போட்டிருப்பார்கள்" என்று ஒரு வரி, கூடவே 15 டாலர். அந்தக் கிண்ணத்துக்காகத்தான் பெட்டியையே வாங்கினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மிச்சம் ஐந்து.

சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அதே சோதனை இதற்கும் பொருந்தும். கோப்பையை உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் சுண்டினேன். 'ணங்' என்று நீண்டால் நல்லது. 'தொப்' என்று அடங்கினால் எங்கோ விரிசல் ஓடுகிறது. தேங்காய் வடிவக் கோப்பை அடங்கிப்போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிக் காகிதத் துண்டின் மேல் ஒரு மணி நேரம் வைத்தேன். அடியில் பிறை போல ஓர் ஈரக் கோடு. "மிக நல்ல நிலை" என்பதற்கு இந்த விற்பனையாளரின் அகராதியில் என்ன பொருளோ! அது இப்போது சமையலறையில் மரக்கரண்டிகளைத் தாங்கி நிற்கிறது.

இந்த முழுப் பெட்டியையும் மன்னிக்க வைத்தது பழுப்பு நிற முகக் கோப்பைதான். ஆறு அங்குல உயரம். அடியில் பாதி கிழிந்த காகித ஒட்டு, அதில் ஓ.எம்.சி., ஜப்பான் என்ற எழுத்துகள். ஜப்பானியப் பொருள்களை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்த ஒடாகிரி மெர்க்கன்டைல் கம்பெனியின் சுருக்கம் அது. அவர்கள் கொண்டுவந்த கோப்பைகளை, சேகரிப்பாளர்கள் இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். காரணம் கையில் எடுத்ததும் புரிந்தது. இவை குழம்பாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிச் செய்பவை. அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, மண் சுவரில் படிந்து கெட்டியாகும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு எழும், அதைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். மலிவான கோப்பைகளில் அது காது ஓரமாக ஓடி விரலைக் கீறும். இதில் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன், வரம்பு எங்கே என்று சொல்ல முடியவில்லை. புருவத்தின் மேட்டில் பழுப்பு வெளிறி, கண்குழியில் அடர்ந்து நிற்கிறது. பூச்சைப் பூசி, மேடுகளில் மட்டும் துடைத்து எடுத்த கைவேலை. விளிம்பு மெல்லியது, உதட்டில் உறுத்தவில்லை. கொள்ளளவு 385 மி.லி.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. வெளியே மூக்கு புடைத்திருந்தால் உள்ளே அதே இடத்தில் ஒரு குகை இருக்கும். முதல் முறை குடித்துவிட்டுக் கழுவி வைத்தேன். மூன்றாம் நாள் ஏதோ வாடை வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் மூக்குக்குள் ஒரு புதினா இலை, கறுத்துப்போய். குழந்தைப் பால் புட்டி கழுவும் பிரஷ்தான் இதற்குச் சரியான கருவி.

இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு குடிக்கும்போது ஒரு சங்கடமும் வருகிறது. யாரோ ஒருவர் பிள்ளையார் தலையைக் கோப்பையாக வார்த்து, தும்பிக்கைக்குப் பக்கத்தில் ஸ்ட்ரா செருகி விற்றால் நான் சும்மா இருப்பேனா? பசிபிக் தீவுக்காரர்கள் சிலர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்வி. எனக்குள் பதில் தயாராக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு புதிதாகக் கோப்பை வாங்கும்போது மீன், சங்கு, அன்னாசி என்று தேடுகிறேன்.

இன்னொரு முகக் கோப்பை பளபளக்கும் சிவப்பு. பூச்சு முழுவதும் சிலந்திவலை போல நுண்கோடுகள். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். எலுமிச்சையின் புளிப்பு அதைக் கரைத்து வெளியே இழுக்கும். டிக்கி பானங்களில் பெரும்பாலானவை எலுமிச்சை இல்லாமல் நடக்காது. கடையில் விற்கும் துடைப்புச் சோதனைக் குச்சி 'இல்லை' என்றே காட்டியது. ஆனால் அந்தக் குச்சி 'இல்லை' என்பதால் இல்லாமல் போய்விடாது என்பது என் தொழில் எனக்குச் சொல்லித் தந்த பாடம். சிவப்பர் அலமாரியோடு சரி. "கொலுவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, இப்போதே படி கட்டிவிட்டாயா?" என்றார் கணவர்.

கண்ணாடிகளில் ஒன்று ஹரிக்கேன், நடுவில் இடுப்பு ஒடுங்கி மேலே விரியும் வகை. நியூ ஆர்லியன்ஸில் பேட் ஓ'பிரையன்ஸ் மதுக்கூடம் புகழ் பெறச் செய்த வடிவம். காற்றில் அணையாமலிருக்க விளக்குக்குப் போடும் கண்ணாடிக் கூண்டின் சாயல், பெயரும் அங்கிருந்தே வந்தது. 590 மி.லி. பிடித்தது. ஒருவர் குடிக்க அவ்வளவு எதற்கு என்று தெரியவில்லை. அடித்தண்டு குட்டை, தலை கனம். மேசையில் முழங்கை பட்டால் போதும். பிடிக்கவில்லை.

மற்றது ஸோம்பி கண்ணாடி. நேரான, ஒல்லியான, உயரமான உருளை, அவ்வளவுதான். அதைத்தான் வாரம்தோறும் எடுக்கிறேன். ஸோம்பி என்ற வீரியமான ரம் பானத்தை உருவாக்கிய காண்ட், ஓர் ஆளுக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டேன் என்று மதுக்கூடத்தில் விதியே வைத்திருந்தார். நான் அதில் ஊற்றுவது அன்னாசிச் சாறும் எலுமிச்சையும் சோடாவும். 400 மி.லி., துருவிய ஐஸை விளிம்புவரை நிரப்பினால் பானத்துக்கு அதில் பாதிதான் இடம். நிறம் அடுக்கடுக்காக இறங்குவது கண்ணாடியில்தான் தெரியும். முகக் கோப்பையில் எல்லாம் இருட்டு. அந்த இருட்டும் சில சமயம் உதவும், பல சாறுகள் கலந்து சேற்று நிறமாகிப்போன பானத்தை மறைத்துவிடும்.

ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை. பீங்கான் தடிமன் என்பதால் குளிர்ச்சி தங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அலமாரியிலிருந்து அப்படியே எடுத்து ஊற்றினால் நடப்பது நேர்மாறு, மண்ணில் தங்கிய சூடே முதல் பிடி ஐஸைத் தின்றுவிடுகிறது. அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் பழுப்பு முகம் ஸோம்பியை வென்றுவிடுகிறது. ஃப்ரீசரில் வைக்காதீர்கள், நுண்கோடு விழுந்த பழைய பீங்கான் தாங்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்த டிக்கி உலகின் மிகப் பெரிய நட்சத்திரமான மை டை என்ற காக்டெயில், 'ட்ரேடர் விக்' பெர்ஜெரான் 1944இல் கலந்தது, முகக் கோப்பையில் வருவதே அல்ல. குட்டையான, அகன்ற, சாதாரணக் கண்ணாடி டம்ளர்தான் அதற்கு. அது உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும்.

மொத்தக் கணக்கு: தபாலோடு 96 டாலர் போனது, 15 திரும்பியது. நான் குடிக்கப் பயன்படுத்துவது இரண்டே இரண்டு. பழுப்பு முகத்தைத் தனியாக வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன், அதைப் பார்த்த பிறகு நட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதே விற்பனையாளரிடம் மறுபடி வாங்குவேனா? தனிக் கோப்பை என்றால், அடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, சுண்டும் ஒலியைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி, ஒருவேளை. கிண்ணம் என்றால் நேரில் போய்க் கையில் வாங்கிக்கொண்டு வருவேன்.

எரிமலைத் துண்டை மட்டும் எறியவில்லை. உச்சிக் குழியில் ஒரு சிறு மெழுகுவர்த்தி கச்சிதமாக உட்காருகிறது.