சிகாகோவின் பழைய கட்டடங்கள்: படகிலா, நடந்தா?

மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த சிகாகோவின் கட்டடங்களைப் பார்க்க இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று, ஆற்றில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம். மற்றொன்று, லூப் எனப்படும் பழைய வணிகப் பகுதியில் வழிகாட்டியுடன் நடப்பது. பலரும் படகையே தேர்ந்தெடுக்கிறார்கள். வானளாவிய கட்டடம் எப்படிப் பிறந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு நான் நடையைத்தான் சொல்வேன்.

படகைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 1920களில் எழுந்த ரிக்ளி கட்டடம், ட்ரிப்யூன் கோபுரம், சோளக்கதிரைப் போன்ற மரீனா சிட்டி இரட்டைக் கோபுரங்கள், ஆற்றின் வளைவுக்கேற்பத் தானும் வளைந்து நிற்கும் 333 வெஸ்ட் வாக்கர் டிரைவ் என்ற கட்டடத்தின் பச்சைக் கண்ணாடிச் சுவர் ஆகியவற்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே முழு உயரத்தில் காணலாம். முதியவர்களுக்கு இதுவே ஏற்றது.

ஆனால் இவையெல்லாம் 20ஆம் நூற்றாண்டின் கட்டடங்கள். 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் நகரின் நடுப்பகுதி அழிந்தபின், நிலத்தின் விலை ஏற, லிஃப்டும் எஃகுச் சட்டகமும் துணைக்கு வர, மாடிகள் அடுக்கடுக்காக உயரத் தொடங்கிய காலத்தைப் பார்க்க டியர்பார்ன் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

அங்குள்ள மோனட்நாக் கட்டடம் ஒன்றே போதும். 1891இல் முடிந்த அதன் வடபாதியில் 16 மாடிகளின் பாரத்தையும் செங்கல் சுவரே தாங்குகிறது. அதனால் அடியில் சுவரின் கனம் சுமார் 6 அடி. தரையை நெருங்கும்போது சுவர் மெல்ல வெளிப்புறமாக வளைந்து விரிவதையும், கீழ்த்தள ஜன்னல்கள் குகைபோல் உள்வாங்கியிருப்பதையும் அருகில் நின்றால்தான் உணர முடியும். 1893இல் சேர்க்கப்பட்ட தென்பாதியிலோ பாரத்தை எஃகுச் சட்டகம் ஏற்றுக்கொண்டதால் சுவர் மெலிந்துவிட்டது. ஒரு கட்டுமான முறை முடிந்து மற்றொன்று தொடங்கியதை ஒரே நடைபாதையில் சில அடிகளில் கடந்துவிடலாம். எந்தப் படகும் இதைக் காட்டாது.

உள்ளே நுழையும் வாய்ப்பும் நடைக்கே உரியது. 1888இல் கட்டப்பட்ட ரூக்கரி வெளியிலிருந்து பார்க்கக் கோட்டைபோல் கனத்துத் தோன்றும். உள்ளேயோ கண்ணாடிக் கூரையின் கீழ், 1905இல் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் மாற்றியமைத்த வெண்பளிங்கு முற்றம் ஒளியில் திளைக்கிறது. இவை இன்றும் அலுவலகக் கட்டடங்கள் என்பதால் வார நாள்களில் செல்வதே நல்லது.

லூப்பைச் சுற்றிவரும் உயர்மட்ட ரயிலும் மலிவான வழிதான். ஆனால் அதில் விளக்கிச் சொல்ல எவரும் இல்லை.

லூயிஸ் சல்லிவனும் டாங்க்மார் அட்லரும் வடிவமைத்த பழைய பங்குச் சந்தைக் கட்டடம் 1972இல் இடிக்கப்பட்டது. அதன் நுழைவு வளைவு இப்போது கலை அருங்காட்சியகத்தின் அருகே, மன்றோ தெருவும் கொலம்பஸ் டிரைவும் சந்திக்கும் மூலையில் தனியே நிற்கிறது. கால் வலித்தாலும் அதுவரை நடந்துவிடுங்கள்.