மூன்று முறை ஆயில் சீல் மாற்றியும் பிடித்துக்கொண்ட எஞ்சின்: காரைக்குடிப் பக்கத்துக் கார்க்காரர்கள் கவனத்துக்கு

கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக்கிடக்கும் ஒரு வீட்டின் கார். 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், பத்து வருஷ வண்டி, ஓடியது 61,000 கிலோமீட்டர்தான். மதுரை விமான நிலையத்துக்குப் போகும்போது திருப்பத்தூர் தாண்டி மேலூருக்கு முன்னால் எஞ்சின் இறுகி, சுழலாமல் பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் ஆயில் லீக்குக்கென்றே ஒரே ஒர்க்‌ஷாப்பில் நாலு பில், மொத்தம் 31,400 ரூபாய்.

மதுரையில் வேறொரு எஞ்சின் கடையில் பிரித்துப் பார்த்தபோது கிடைத்தவை இவை. ஆயில் சேம்பருக்குள் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பம்ப் ஆயிலை இழுக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் முக்கால் பாகத்தைச் சிலிக்கான் பிசிறும் கறுப்புக் களிம்பும் அடைத்திருந்தன. மூன்றாம் சிலிண்டரில், பிஸ்டனைக் கிராங்க்கோடு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இணைக்கும் கன்ராட்டின் பேரிங் இடம்விட்டுச் சுழன்று, கிராங்க்கில் நகம் மாட்டும் ஆழத்துக்குக் கோடு விழுந்திருந்தது. ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி ஓரமாகச் செருகியிருந்தார்கள். எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரில் உட்கார்ந்து, உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு கரி பிடித்து இறுகிப்போயிருந்தது. நாலு பில்லில் ஒன்றிலும் அதன் பெயர் இல்லை. சில நூறு ரூபாய்ச் சாமான் அது.

ஒர்க்‌ஷாப்புக்கு நோட்டீஸ் போயிருப்பதால் பெயர் எழுதவில்லை. இதே வைத்தியத்தைச் செய்கிற இடங்கள் நம் பக்கம் வேறு இருக்கின்றன என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தெரிந்தது தரையில் சொட்டு. வண்டி நிற்கும் இடத்தில் ஆத்தங்குடிக் கல். அது சிமென்ட் கல், எண்ணெயைக் குடித்துவிடும், அப்புறம் தேய்த்தாலும் போகாது. அதனால்தான் சீக்கிரம் கண்ணில் பட்டது. டேப்பட் கவர் பேக்கிங் மாற்றினார்கள், 2,600. ஐந்து வாரத்தில் மறுபடி சொட்டு. சேம்பரைக் கழற்றி ஒட்டி, முன் கிராங்க் ஆயில் சீலும் போட்டார்கள், 4,300. மறுபடி. இந்தத் தடவை கியர்பாக்ஸை இறக்கிப் பின் கிராங்க் சீல், “இறக்கினது இறக்கியாச்சு, கிளட்ச் செட்டையும் போட்டுருவோம்ணே” என்று அதுவும் சேர்த்து 19,700. கடைசியாக ஆயில் மாற்றி, டப்பா மருந்து ஒன்று ஊற்றி, “சென்சார் கோளாறு” சரிசெய்ததாக 4,800.

ஒரே வண்டியில் மேலே, முன்னே, பின்னே என்று அடுத்தடுத்து மூன்று இடத்தில் சீல் கசிந்தால், சீலைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் சீலைத் தள்ளுவது எது என்று பார்க்க வேண்டும். எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு சேம்பருக்குள் இறங்கத்தான் செய்யும். அதை இழுத்து இன்டேக்குக்கு அனுப்புவது பிசிவி வால்வு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எது பலவீனமான சீலோ அது வழியாக ஆயிலோடு வெளியே வரும். அந்த சீலைப் புதிதாக்கினால் அடுத்த பலவீனமான இடம். அதே அழுத்தம் ஆயில் ஆவியை ஏர் ஃபில்டர் பக்கமும் தள்ளும், அது எரியும். லீக்கும், எஞ்சின் ஆயிலை எரித்துக் குடிப்பதும் ஒரே காரணத்தால் வரலாம் என்பது இதனால்தான்.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. தாள் எழும்பித் துடித்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. அப்போது பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள்: உள்ளே குண்டு ஆடுகிற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மாற்றுங்கள், ஹோஸையும் ஊதிப் பாருங்கள். புது வால்வு போட்ட பிறகும் தாள் துடித்தால்தான் ரிங் தேய்மானத்தைப் பற்றிப் பேச வேண்டும். வால்வு ஹோஸோடு சேர்ந்தே வரும் வண்டிகளும் டேப்பட் கவருக்குள்ளேயே சவ்வாக இருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் ஆட்டிப் பார்க்க முடியாது, தாள் சோதனை மட்டும்தான்.

காரணத்தைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றியது முதல் ஏமாற்று. இரண்டாவது ஏமாற்று, லீக்கைக் காட்டி, ஆயில் குடிப்பதை மறைத்தது. இந்த வண்டியில் 1000 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குறைந்தது. தரையில் விழுந்தது ஒரு ராத்திரிக்குப் பத்துப் பதினைந்து சொட்டு. சுமார் இருபது சொட்டு ஒரு மில்லி. ஒரு லிட்டருக்கு இருபதாயிரம் சொட்டு வேண்டும். ஓடும்போது பிரஷரில் கூடுதலாகக் கசியும், உண்மைதான். ஆனால் அப்படி ஒரு லிட்டர் போயிருந்தால் வண்டியின் அடிப்பாகமே ஈரமாக, செம்மண் அப்பிப் பிசுபிசுவென்று இருந்திருக்கும். அடியில் காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் ஆயில் போனது சைலன்சர் வழியாக. “பத்து வருஷ வண்டி ஆயில் கொஞ்சம் குடிக்கத்தாண்ணே செய்யும்” என்ற பதிலை நம்பியிருக்கக் கூடாது. சில கம்பெனிக் கையேடுகள் ஆயிரத்துக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர்கூடச் சகஜம் என்று எழுதுகின்றன. அது வாரன்டி வாதத்துக்கு உதவும் எண். இப்படிச் சின்ன பெட்ரோல் எஞ்சின்களில் மொத்த ஆயிலே மூன்று லிட்டர் சொச்சம்தான், ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர்தான். 1000 கிலோமீட்டரில் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு வந்துவிடும் வண்டியை அடுத்த சர்வீஸ் வரை விட்டுவைக்க முடியாது.

அளப்பது இப்படி: சமதரையில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மேல் கோடு வரை ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். 1000 ஆனதும் மறுபடி மேல் கோட்டுக்கு வர எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்பதை அளவு ஜாடியில் அளந்து எழுதுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றி அனுப்பும் ஒர்க்‌ஷாப்பும் உண்டு, அடுத்த தடவை பார்க்கும்போது குறைந்தது தெரியாமலிருக்க. அதிகமானால் கிராங்க் அதில் அடித்து நுரையாக்கும், சீலும் கூடுதலாகக் கசியும்.

ஆயில் எது வழியாக இறங்கி எரிகிறது என்பதைப் புகையில் பார்க்கலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் (ஹெட்டில் வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர்). ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். உறுதிசெய்யக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கலாம்: குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ஆயில் வழிக்கும் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டாலும் கம்ப்ரஷன் எண் நன்றாகவே இருக்கலாம். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, ஆகவே ரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர் பாதிதான் சொல்கிறார்.

இனி, எஞ்சினைக் கொன்ற விஷயம். பல எஞ்சின்களில் சேம்பருக்குத் தனிப் பேக்கிங் கிடையாது, சிலிக்கான் பசைதான் பேக்கிங். ஆகவே சிலிக்கான் போட்டதே தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டி, ஆயில் பிசுக்கில்லாமல் துடைத்து, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உட்புறமாக விட்டு, டியூபில் போட்ட நேரம் வரை காயவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். இங்கே நடந்தது பெருவிரல் கனத்துக்கு அப்பி, போல்ட்டை முறுக்கி, அரை மணியில் ஆயில் ஊற்றியது. வெளியே பிதுங்கியதை விரலால் வழித்தால் சுத்தமான வேலை போலத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அங்கே வழிக்க யாரும் இல்லை. அது பிய்ந்து ஆயிலில் மிதந்து ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டும். வலைக்கு அப்பால் பம்புக்கு ஆயில் கிடைக்காது.

அறிகுறி உடனே வந்தது: சூடானதும் ஐடிலில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது. கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-30 ஆயிலை எடுத்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றினார்கள், கூடவே கெட்டியாக்கும் மருந்து. கெட்டி ஆயில் சில நாளைக்குப் புகையைக் குறைக்கும், சத்தத்தை அமுக்கும், பிரஷரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். ஆனால் பாதி அடைத்த வலை வழியாகக் கெட்டி ஆயிலை இழுப்பது பம்புக்கு இன்னும் கஷ்டம். ஸ்டார்ட் ஆனதும் கேம்ஷாஃப்ட்டுக்கும் டைமிங் செயின் டென்ஷனருக்கும் போய்ச் சேர நேரமாகும். அந்த நேரத்தில் செயின் தொளதொளவென்று அடிக்கும்.

விளக்கு அப்படியும் அணையவில்லை. ஒயரைக் கழற்றிவிட்டார்கள். பில்லில் “ஆயில் சென்சார் வேலை”. பெரும்பாலான கார்களில் அந்த சுவிட்ச் ஒற்றை ஒயர்தான். பிரஷர் இல்லாதபோது பாடியோடு தொட்டு விளக்கை எரியவிடும். ஒயரை எடுத்துவிட்டால் விளக்கு எரியவே எரியாது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம்: ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஆன் மட்டும் போடுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு நொடியில் அணைய வேண்டும். சாவி ஆனில் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கிறது, இல்லை யாரோ கை வைத்திருக்கிறார்கள். (சில புது மாடல்களில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கும், உங்கள் கையேட்டில் பாருங்கள்.) ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள். பழைய கார் வாங்கும்போதும்.

விளக்கைச் சந்தேகிப்பவர் நியாயமாகச் செய்ய வேண்டியது, சுவிட்சைக் கழற்றி அதே துளையில் பிரஷர் கேஜ் மாட்டுவது. கால் மணி வேலை. 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு. உங்கள் வண்டிக்கு உரிய எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். கேஜ் மாட்டியிருந்தால் அன்றைக்கே சேம்பர் இறங்கியிருக்கும், வலை கழுவியிருப்பார்கள், கிராங்க் பிழைத்திருக்கும்.

ஓட்டும்போது அந்த விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே அணையுங்கள். அது ஆயில் குறைவைக் காட்டும் விளக்கு இல்லை, பிரஷர் போய்விட்டதைக் காட்டும் விளக்கு. பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே இருப்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி. அதில் ஆயில் படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தை உரசும். பிள்ளையார்பட்டி வரை மெதுவாக ஓட்டிவிடலாம் என்று நினைக்கும் தூரம் போதும். ஆயில் ஊற்றியதும் விளக்கு அணைந்தாலும் கீழே டொக் டொக்கென்று சத்தம் கேட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.

இப்போது அந்த வண்டிக்குக் கிராங்க் கிரைண்டிங்கா, ஹாஃப் எஞ்சினா (ஹெட் இல்லாமல் பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்து வருவது) என்ற கேள்வி. லேத்தில் 0.25 மில்லிமீட்டர் குறைத்துக் கோடு போய்விட்டால், அதே அளவு பேரிங் கிடைத்தால், கிரைண்டிங் போதும். மேல் தோலை மட்டும் கடினமாக்கிய கிராங்க்கைக் கிரைண்ட் பண்ணக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தால் கிராங்க்கையே மாற்ற வேண்டும். ரிங் மாற்றுகிறோம் என்பவரிடம் போர் (சிலிண்டரின் உள் துளை) அளந்த சீட்டைக் கேளுங்கள்: ஒவ்வொரு சிலிண்டரும் மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக. அளக்காமல், ஹோனிங் (போரின் சுவரில் மெல்லிய கீறல் போடுவது) போடாமல் பளபளத்த போரில் புது ரிங் மாட்டினால் அது உட்காராது, ஆயில் குடிப்பது தொடரும்.

பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது, இரண்டாவது கடைக்காரர் கழுவுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட வேண்டும். ஸ்ட்ரெய்னரைக் கழுவக் கூடாது, அப்படியே கவரில் போட்டு வையுங்கள். முழுதாகப் பிரிக்கும் முன் முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் ஸ்பீட் போஸ்ட்டில், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேதி கொடுத்து எழுதுங்கள். வராவிட்டாலும் அந்தத் தபால் உதவும். பிரித்துப் பார்த்தவரிடம் கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. நம்மூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாதது ஒன்று: சிவகங்கையில்தான் போட வேண்டும் என்றில்லை, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலும் போடலாம். வீடு இங்கே, வாசம் சென்னையில் என்றால் சென்னையிலேயே. முதலில் 1915 உதவி எண்ணில் பதிவுசெய்து பாருங்கள். சில இடங்களில் அந்த அழைப்புக்கே இறங்கி வருகிறார்கள்.

இந்த எஞ்சினில் அந்தக் களிம்பு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அதில் ஒர்க்‌ஷாப்பைக் குறை சொல்ல முடியாது. லீக் தொடங்குவதற்கு முன் சில வருஷமாக, வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடிய வண்டி. பத்தாயிரம் ஆகவில்லையே என்று மூன்று வருஷமாக ஒரே ஆயில். கையேட்டில் பத்தாயிரம் அல்லது ஒரு வருஷம், எது முந்தியோ அது என்று இருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருதடவை பத்து நிமிடம் ஸ்டார்ட் போட்டு அணைத்துவந்தார். நல்லெண்ணம்தான், ஆனால் ஐடிலில் பத்து நிமிடத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிக் களிம்பாகும், பிசிவி வால்வை முதலில் அடைக்கும். அவரிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள், காரைக்குடி போய் வந்தால் போதும். ஓட்ட ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட்டே போட வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு எடுங்கள். ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அதன் மேலேயே புது வளையம் உட்கார்ந்தால் ஓடும்போது பிதுங்கி, சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் ரோட்டில் கிடக்கும்.